எட்டுக் குழி

ஆரினுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒன்று,
எனக்குத் தைராய்டுக்கு ஒன்று,
அல்லிக்கு நான்கு.
மே மாதம் பனி முழுதாய் விலகியபின்
மாதத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் நடுவரை.
அதற்குமேல் கூடாது:
விஸ்கான்சின் குளிருக்குமுன்
தூங்கப்போகிறவளைச்
சாப்பிடு சாப்பிடு என்று எழுப்பக்கூடாது.

முறை இதுதான்.
தொட்டியைக் கரைக்கு இழு.
கிழங்கைத் தொடாதே. நாலு விரல் தள்ளிக் குத்து,
நடுவிரல் மறையும் ஆழத்துக்கு.
மாத்திரையைப் போட்டதும்
சேற்றை இழுத்து மூடி உள்ளங்கையால் அழுத்து.
ஒன்று கசிந்தால் போதும்,
அழையாத பாசி
பந்தியில் முதல் ஆளாய் உட்கார்ந்துவிடும்.

கராஜுக்குப் பின்னால்
அவன் தோண்டி, நான் கருப்பு ஷீட் விரித்த குளம்.
இந்த வருஷம் அது பட்டாணி சூப் ஆனது.
பொன்மீன்கள் ஆரஞ்சுப் புகையாய்த் தெரிந்தன,
பிறகு தெரியவில்லை.
இலைகளோ ஒன்றையொன்று தள்ளி,
படுக்க இடமில்லாமல்
தண்ணீருக்குமேல் எழுந்து நின்றன.
பூ? ஒன்று.
அதுவும் இலைக்கடியில்
பத்துமணிக்கு விரிந்து நாலுமணிக்கு மூடி,
யாரும் பார்க்காமல்.

நான் வெட்டினேன்.
பழுத்த இலையின் காம்பைத் தடவிக்கொண்டே போய்
அடியில் நறுக்கவேண்டும்;
பாதியில் வெட்டினால் மீதி அழுகும்.
மறுநாள் பார்த்தால்
நான் விட்டுவைத்ததையும் யாரோ வெட்டியிருந்தார்கள்.
நீரெலி என்று நினைத்தேன்.
எலி இவ்வளவு நேராக வெட்டாது.

சொல்ல மறந்தேன்:
ஜூன் மூன்றிலிருந்து நாங்கள் பேசவில்லை.
தம்பி ஹார்லனின் படகுக் கடனுக்கு
என்னைக் கேட்காமல்
கையெழுத்துப் போட்டுவந்திருந்தான் ஆரின்.
முப்பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக
உப்பு வேண்டுமென்றால்கூட
அவரவர் எழுந்துபோய் எடுத்துக்கொண்டோம்.

ஜூலைக் கடைசியில் பொறுக்கமுடியாமல்
தொடைவரை ரப்பர் பூட்ஸ் மாட்டி இறங்கினேன்.
தொட்டியைத் தூக்கிக்
கூழாங்கல்லை ஒதுக்கினால்
கிழங்கைச் சுற்றி எட்டுக் குழி.
நான்கு என் விரல்.
நான்கு, அகலமாய்,
பால் லாரியின் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து
முட்டி வீங்கிய விரல்.

பின்வாசல் கொசுவலைக் கதவுக்கு அந்தப்பக்கம்
நின்றுகொண்டிருந்தான்.
"நீயா?"
"கோபத்தில் நீ அதைப் பட்டினி போட்டுவிடுவாயோ என்று..."
"அதையேதான் நானும் நினைத்தேன்."
எட்டு வாரம் கழித்து வாய்திறந்தோம்,
ஒரு செடியின் அஜீரணத்தைப் பற்றி.

கடன் அப்படியே இருக்கிறது.
தண்ணீரில் மூன்றில் ஒருபங்கை மாற்றினோம்,
அவன் மொண்டு தர நான் புல்லில் கொட்டி,
முக்கால்வாசி நேரம் முணுமுணுத்துக்கொண்டு.
ஆகஸ்ட்டில் மாத்திரை கிடையாது என்று தீர்ப்பு.

பிரிட்ஜில் தொங்கும் காலண்டரில் எழுதினான்:
அல்லி, எட்டு, போட்டாயிற்று.
அடியில் பெயரெழுதப் பேனாவைச் சாய்த்தான்.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
கையெழுத்துப் போட்டது போதும், ஆரின்,
இந்த வருஷத்துக்கு.