மூன்றாம் தொட்டி, கொளத்தூர்

முதலில் சத்தம்தான்.
தெருவில் தண்ணீர் லாரி மோட்டார் நின்றபின்
மாடியில், சிமெண்டில், ஏதோ உரசியது,
நமுத்த தீக்குச்சியைத் திரும்பத் திரும்பக் கிழிப்பதுபோல.
டார்ச் அடித்தால்
டான்சோ.
உடம்பெல்லாம் வெள்ளை, உச்சியில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம்.
விலாவைச் சுவரில் மோதி
சுண்டிய காசாய்ப் புரண்டு
மறுபடி வந்து மோதியது.

மீனுக்குச் சொறிந்துகொள்ளக் கை கிடையாது.

பகலெல்லாம் நான் ஆஸ்பத்திரி லேபில்
யார் யாருடையதோ ரத்தத்தில் மலேரியா தேடுகிறவள்.
பெயர் இருக்கும், வயது இருக்கும், வார்டு எண் இருக்கும்,
முகம் இருக்காது.
ஊதா மோதிரம் ஒன்று தெரிந்தால்
பாசிட்டிவ் என்று எழுதிவிட்டு டீக்குப் போவேன்.
இங்கே முகம் இருக்கிறது.
கை நடுங்குகிறது.

ஈரத்துணியில் கிடத்தி, கண்ணை மூடி,
செவுளுக்குப் பின்னால் ஸ்லைடின் ஓரத்தால் ஒரே வழிப்பு.
அரிசி அளவு கோழை.
ஏலத்தில் எடுத்த பழைய மைக்ரோஸ்கோப்பில்
மாடி பல்பின் வெளிச்சத்தைத் திருப்பினேன்.

ஐயோ, என்ன அழகு!
சக்கரம்.
உள்ளே பல்வரிசை, விளிம்பில் மயிர்வரிசை,
மாதா திருவிழா முடிந்த மறுநாள்
ஆளேறாத ராட்டினம் சும்மா சுற்றுவதுபோல்
கோழைமேல் சறுக்கிச் சுழன்றது.
ஒன்றல்ல. எண்ண எண்ணப் பெருகின.
வஞ்சம் எதுவும் தெரியவில்லை அதனிடம்.
அதுபாட்டுக்கு இருந்தது.

"இன்னாடீ சிரிக்கிற?" என்றான் சீலன்.
டார்ச்சை அவன் பிடித்திருந்தான்.
வால்துடுப்படியில் அவன்தான் பார்த்தான் இன்னொன்றை:
நூல்.
நுனியில் இரண்டு முட்டைப் பைகள்.

நங்கூரப்புழு.
ராயபுரத்தில் பிறந்தவளுக்கு
நங்கூரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.
வாலைப் பிடித்து இழுத்தால் வால்தான் வரும்.
தலை உள்ளே தங்கிச் சீழ்வைக்கும்.
தோலோடு ஒட்டிய அடியைப் பிடி,
மெதுவாக, அது புகுந்த சாய்விலேயே.
வந்தது.
குழியில் பஞ்சால் அயோடின் ஒரு ஒற்று.

பிறகு கல்லுப்பு.
நாலாயிரம் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோ,
ஒரேயடியாகக் கொட்டாமல்
நாளுக்கு நாலாய் மூன்று நாள்.
நாலாம் நாள் பார்த்தேன்.
ராட்டினம் நிற்கவில்லை.

பாதித் தண்ணீர் மாற்றினோம்.
பெர்மாங்கனேட், எட்டு கிராம்.
வீட்டுத் தராசு பத்துக்குக் கீழே பொய் சொல்லும்.
அடகுக்கடைக்குக் கொண்டுபோனேன்.
கடைக்காரர் கண்ணாடித் தட்டில் காகிதம் விரித்து
கறுப்புத் துகளைக் கொட்டிப் பார்த்துச் சொன்னார்:
"கரெக்டா ஒரு பவுனும்மா."

ஒரு பவுனைத் தண்ணீரில் கரைத்தோம்.
தொட்டி ஊதாவாகி, கத்தரிப்பூவாகி,
வெயில் ஏற ஏறக் கடைசியில்
சர்க்கரை போடாத டீயின் நிறத்துக்கு வந்தது.
அதுவரை நாலு மணிநேரம்
காற்றுக்குழாயைக் கையில் பிடித்தபடி
யாரோடும் பேசவில்லை நான்.

எங்கிருந்து வந்திருக்கும்?
லாரித் தண்ணீர் என்றான் சீலன்.
செங்குன்றத்துக் குஞ்சுகள் என்றான்.
காக்கா என்றுகூடச் சொன்னான்.
நான் ஆமாம் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை,
ஐந்தாம் தொட்டியில் புதிதாய் வந்ததில் செத்ததை
பச்சை வலையால் அள்ளிப் போட்டுவிட்டு,
சொட்டச் சொட்ட அதே வலையோடு
மூன்றாம் தொட்டிக்கு வந்தது நான்தான்.
லேபில் ஒரு நாளைக்கு நாற்பது முறை
கையுறை மாற்றுகிறவள்.

இப்போது தொட்டிக்கு ஒரு வலை.
பிடியில் வெவ்வேறு நிறத்தில் கயிறு.
ஏன் என்று சீலன் கேட்கவில்லை.
தெரிந்துகொண்டானோ என்னவோ.

உப்புக்கும் பவுனுக்கும் சாகாத முட்டைகள்
மண்ணில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்.
நம் ஊர் வெக்கையில் அந்தக் கணக்கு சீக்கிரம் முடியும்.
காலண்டரில் வாரத்துக்கொரு வட்டம் போட்டிருக்கிறேன்,
கேஸ் புக் பண்ண வேண்டிய தேதிக்குப் பக்கத்தில்.

நேற்றிரவு உரசல் இல்லை.
நம்பாமல் மறுபடி வழித்துப் பார்த்தேன்.
வெறும் கோழை. இரண்டு மூன்று செதில்துணுக்கு.
சக்கரம் இல்லை.

ஒரு நொடி,
சொல்லக் கூடாதுதான்,
ஏமாற்றமாக இருந்தது.

ஸ்லைடைக் கழுவினேன். கையைக் கழுவினேன்.
மறுபடி கையைக் கழுவினேன்.