இடிக்குப் பதில்

பங்குனிக் கடைசியில் பெய்யக் கூடாத மழை.
நடுவீரப்பட்டுக்கு மேற்கே செம்மண் மேட்டில்
கொட்டகைத் தகரத்தை உரித்துக்கொண்டு போனது காற்று.
பதினோரு வான்கோழியும்
முந்திரித் தோப்புக்குள் இறங்கிவிட்டன.

கலிவரதன் போனில் அழவில்லை.
"லைட் இருந்தா எடுத்துக்கிட்டு வா," அவ்வளவுதான்.
பாண்டியில் ஒரு ஓட்டல்காரர்
ஈஸ்டருக்குச் சொல்லி வைத்து முன்பணம் தந்திருந்தார்.
முன்பணம் தீவனமாகி
தீவனம் இப்போது இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் முதுநகரிலிருந்து.
சவரிநாதன் மஞ்சக்குப்பத்திலிருந்து.
அஞ்சாபுலி எங்கிருந்து வந்தான் தெரியாது,
எங்களுக்கு முன்பே நனைந்து நின்றான்.
தவக்காலத்தில் கறி தொடாத சவரிநாதன்
"புடிக்கிறது தப்பில்லல்ல?" என்று
இரண்டு முறை கேட்டான்.

முந்திரிக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது.
தானே புயலுக்குப் பிறகு வைத்த மரங்கள்,
இடுப்புயரத்திலேயே கை விரித்தவை.
குனிந்தோம், தவழ்ந்தோம்.
வழுக்கிய இடமெல்லாம் பழம்.
நசுங்கிய பழத்தின் காரல் நெடி
மழையிலும் தொண்டையைப் பிடித்தது.

பெட்டைகள் வேலியோரம் ஒண்டியிருந்தன,
நனைந்த சாக்கு மூட்டைகளாக.
தூக்கினால் வந்தன.
ஒன்பது மணிக்குள் பத்தையும்
மோட்டார் கொட்டகையில் அடைத்தாயிற்று.
பெரிய சேவலை மட்டும் காணோம்.
பதினோரு கிலோ. நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் நடைக்கு
தாசில்தார் என்று பேர்.

வானம் வெளுத்தது.
மூன்று எண்ணுவதற்குள் இடி.
இடி முடிந்த இடத்தில்
தோப்பின் நடுவிலிருந்து கொளகொளகொளவென்று ஒரு குரல்,
எவன்டா அது, என்பதுபோல.

அடுத்த இடி.
அடுத்த பதில்.
ஒரு இடிக்கு இருபது தப்படி முன்னேறினோம்.
அதுவரை திட்டிய மழைமேல் ஆசை வந்தது.
"இன்னும் ஒன்னு போடு சாமி" என்றான் சவரிநாதன்,
எந்தச் சாமி என்று சொல்லாமல்.

போடவில்லை.
இடி கடல் பக்கம் நகர்ந்து
தேவனாம்பட்டினத்துக்கு மேலே
வேறு யாருக்கோ முழங்கிக்கொண்டிருந்தது.
தாசில்தார் வாயை மூடிக்கொண்டார்.

அஞ்சாபுலி கோழிபோல் கத்திப் பார்த்தான்.
நான் விசிலடித்தேன்.
மழைச் சத்தம்தான்.
தானேவுக்குத் தப்பிய ஒற்றைப் பலா இருந்தது,
முதுகு நிமிர்த்தி உட்காரலாம் என்று
அதனடியில் உட்கார்ந்தோம்.
பீடிக் கட்டு ஊறிப்போயிருந்தது.

அப்போதுதான் கலிவரதன் கடனைச் சொன்னான்.
வாங்கிய இடம், வட்டி, வட்டிக்கு வாங்கிய இன்னொன்று,
தங்கச்சி வளையல்.
மூன்று வருடமாக எங்களிடம் சொல்லாத தொகை.
யாரும் லைட்டை
அவன் முகத்துப் பக்கம் திருப்பவில்லை.

அஞ்சாபுலி எழுந்து போய்விட்டான்.
கோபம் என்று நினைத்தோம்.
கால்மணி கழித்து
காற்று கொண்டுபோன தகரத்தை
தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான்.
இரண்டு கையாலும் பிடித்து
ஒரு உதறு உதறினான்.

தோப்பு அதிர்ந்தது.
நேராக எங்கள் தலைக்கு மேலிருந்து
கொளகொளகொள.

அத்தனை நேரமும் பலாவில் உட்கார்ந்து
வட்டிக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.
கலிவரதன்தான் முதலில் சிரித்தான்.
சிரிப்பு நிற்காமல்
மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.
கொஞ்ச நேரம் அது சிரிப்பா என்று தெரியவில்லை.
சவரிநாதன் மேலே ஏறி
இறக்கையடி வாங்கி
உதடு கிழிந்து இறங்கினான், சேவலோடு.

மோட்டார் கொட்டகையில் விட்டால்
மற்றதைக் கொத்தும்.
சவரிநாதன் வீட்டுக்குக் கொண்டுபோவதென்று
என் கைலியில் சுற்றி
என் மடியில் வைத்தார்கள்.
நான் டவுசரோடு, இரண்டு வண்டியில் நாலு பேர்.

பாலூர் தாண்டும்போது விடிந்தது.
கரும்பு லாரி ஹாரன் அடித்தது.
கைலிக்குள்ளிருந்து பதில்.
டீக்கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
கலிவரதன் பக்கத்தில் வந்து
தன் ஹாரனை ஒரு தடவை தொட்டான்.
பதில்.
இன்னொரு தடவை.

"தகரம் ஒன்னு எழுநூறு" என்றான் பிறகு,
"ஆணி தனி."