எது வாங்கலாம் என்று கேட்ட கிதியோனுக்கு

ஒரே வரியில் கேட்டுவிட்டாய்:
ஒயர் உள்ளதா, இல்லாததா?
இன்றைக்கு எனக்கு வேலையில்லை.
பதினேழாம் நம்பர் காற்றாடிக்கு இறக்கையில் கீறல்,
கிரேன் வர நாளாகும்.
அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

என்னுடையது ஒயர்.
பெங்களூரில் யாரோ இரண்டு வருஷம் ஓட்டி விற்றது.
கைப்பிடிக்குள் நுழைந்து, சட்டத்தின் வயிற்றில் இறங்கி,
சீட்டுக் குழாயில் ஒளிந்திருக்கும் பேட்டரியைத் தொட்டு,
பின்சக்கரத்துப் பக்கம் தலைகாட்டுகிறது.
நடுவில் எப்படிப் போகிறதென்று தெரியாது.
போகிறது என்று தெரியும்.

எண்பது மீட்டர் உயரத்தில் என் பிழைப்பே ஒயர்தான்.
காற்று திரும்பும் பக்கமெல்லாம் மெஷினின் தலை திரும்பும்;
கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் கூடவே முறுக்கும்.
மூன்று சுற்று ஒரே பக்கம் போனால்
தானாக நின்று, மெதுவாகத் திரும்பி
முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும்.
காற்று அது பாட்டுக்கு அடிக்கும்,
அதுவரை ஒரு யூனிட் கிடையாது.
ஒயர் வைத்துக்கொள்வதற்குக் கட்டுகிற வட்டி அது.

ஜெனோபாவுடையதில் முறுக்க ஒன்றுமில்லை.
முன்னால் ஒரு பேட்டரி, பின்னால் ஒன்று,
பனங்கொட்டை அளவுகூட இல்லை.
கைப்பிடிகளில் காசு மாதிரி வட்ட செல்.
வலது தட்டினால் கனக்கும், இடது தட்டினால் லேசாகும்,
இரண்டையும் சேர்த்துத் தட்டினால் முன் பல்சக்கரம் மாறும்.
மாட்டுவதற்கு அரைமணி நேரம் ஆனது.
எனக்குக் கடைக்காரர் ஒரு நாள் முழுக்கக் காந்தத்தை வைத்துச்
சட்டத்துக்குள் ஒயருக்கு மீன்பிடித்தார்.

ஆனால் ஒரு தடவை
காரில் ஏற்றிக் கோயம்புத்தூர் போனாள்.
குலுங்கக் குலுங்க அந்த வண்டி
தான் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து
ராத்திரி பூராவும் கண்விழித்திருக்கிறது.
விடிந்து இறக்கினால் பேட்டரி காலி.
இன்னொரு தடவை பேட்டரி பெருமாள்புரத்தில் சார்ஜரில்,
இவள் கே.டி.சி. நகரில் ரோட்டில்.
நாங்குநேரி வரை ஒரே கியர்.

போன ஞாயிறு கதைக்கு வருகிறேன்.
ஆடிக் காற்று. வள்ளியூர் தாண்டியதுமே
ஆரல்வாய்மொழிக் கணவாய் எங்களைப் பக்கவாட்டில் பிடித்து
வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளியது.
பணகுடிக்கு முன்னால் அவளுக்குப் பின் கியர் செத்தது.
இறங்கினாள். முன் பேட்டரியைக் கழற்றிப்
பின்னால் மாட்டினாள். ஏறினாள்.
ஒரு தண்ணி லாரி கடக்கிற நேரம்.

நான் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள்
என் முன் கியர் நின்றது, பெரிய சக்கரத்தில்.
என்னுடையதில் சார்ஜ் இறங்கினால்
முன்னது முதலில் போகும்,
பின்னது இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும்.
செய்தவர் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்,
எதைக் கடைசியாகக் கைவிடுவது என்று.

காவல்கிணறு விலக்கு. டீக்கடையில் பிளக் கேட்டேன்.
“சைக்கிளுக்கா? சார்ஜ் போட்டா தன்னால ஓடுமோ?”
“இல்ல அண்ணாச்சி, மிதிக்கத்தான் செய்யணும்.”
“பொறவு கரண்டு எதுக்கு?”
விளக்க ஆரம்பித்தேன். டீ ஆறியது.
வெளியே நான் கிரீஸ் போட்ட மெஷின்கள்
சுற்றிக்கொண்டிருந்தன.
அந்தச் சுவரின் துளைகளுக்குள்
அவை பிடித்த காற்றும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.
பையைத் துழாவினேன்.
பிளக் இருந்தது, கரண்டு இருந்தது,
சார்ஜர் ஒயர் இல்லை.

நான் பெரிய சக்கரத்திலும் அவள் சின்னதிலும் சிக்கிக்கொண்டு
பாளையங்கோட்டை வரை ஐம்பது கிலோமீட்டர்.
நான் முன்னால் போய்க் காத்திருந்தேன், மூச்சு வாங்க.
அவள் பம்பரமாய்க் காலைச் சுழற்றிக்கொண்டு வந்தாள்.

விரலுக்கு இரண்டும் ஒன்றுதான், கிதியோன்.
ஒரு தட்டு. பின்னால் ஒரு ‘சிக்’.
ஆடியில் அந்தச் சத்தமும் கேட்காது,
பாரம் மாறியது முழங்காலுக்குத்தான் தெரியும்.

அவளுக்குச் சொசைட்டி லோன் இன்னும் பதினாலு மாசம்.
எனக்கு முடிந்துவிட்டது.
சனிக்கிழமை வா, இரண்டையும் ஓட்டிப் பார்.
வரும்போது என் சார்ஜர் ஒயரைக் கொண்டு வா.
ஆனியில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போனாயே,
வண்டி மட்டும்தான் திரும்பி வந்தது.

முப்பிடாதி