ஆணியில் மூன்று

கடையின் குளிர்பெட்டி நின்றுபோய்
மூன்றாம் நாள்தான் ஆள் வந்தான்,
அப்பியாவிலிருந்து, படகேறி, பஸ் ஏறி,
முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிட்ட கால்சட்டையோடு.
பெயர் பெனியமினா என்றான்.
நல்ல பற்கள்.

எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது.
தூண்கள், கூரை, கூழாங்கல் தரை, பாய்.
ஊர் முழுக்க உள்ளே பார்க்கலாம்;
பார்க்காமல் போவதுதான் வழக்கம்.
அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

தூணில் ஓர் ஆணி. அதில் மூன்று லாவலாவா,
இப்படி வருகிறவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ள:
பழுப்பு, நீலக் கோடு போட்டது,
சிவப்பில் வெள்ளைச் செம்பருத்தி.
சிவப்பு அங்கே சேர்ந்தது
வைதூசி ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போன பிறகு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சிவப்பை எடுத்து அவன் கருவிப்பெட்டிமேல் வைத்தேன்.
சுற்றினான். முடிச்சை இடப்பக்கம் போட்டு
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்,
ஒயரைச் சோதிக்கிறவன் போல.

பெரியவர் உட்கார்ந்திருக்க நின்றபடி பேசக்கூடாது.
உட்கார்ந்தான். வலது கால் மடங்கவில்லை.
"முட்டியில் இரும்பு" என்றான். "ரக்பி."
நீட்டிய பாதம் நேரே
என் மாமனார் தூய்லோமாவின் நெஞ்சைப் பார்த்தது.
அவர் தொண்டையைச் செருமுவதற்குள்
சுருட்டியிருந்த பாயை அதன்மேல் தள்ளிவிட்டேன்.
பாய்க்கு அடியில் காலும் இல்லை, குற்றமும் இல்லை.

சங்கு ஊதியது. மாலை ஜெபம்.
சாலையில் இளைஞர்கள் வரிசையாக நின்று
சைக்கிளைக்கூட நிறுத்திவிட்டார்கள்.
பாட்டு தொடங்கினால் கண்ணை மூட வேண்டும்;
நான் பாதி மூடுவேன்.
பாயின் நுனி ஆடிக்கொண்டிருந்தது.
பெருவிரல், தாளம் தப்பாமல்.

இரவு முழுக்கக் குளிர்பெட்டி இரைந்தது.
விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் போய்விட்டான்.
ஆணியில் இரண்டு.
மாமனார் இருமுறை எண்ணினார்.
நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து, படகுத்துறையில்,
சேம்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில்
தரையில் உட்கார்ந்திருந்த ஆண்களின் வரிசையில்
என் செம்பருத்தி,
முன்பின் தெரியாத ஒரு தடியன் இடுப்பில்.
சாயம் போயிருந்தது. முடிச்சு வலப்பக்கம்.

கேட்டிருக்கலாம்.
படகு கயிறு அவிழ்க்கிற நேரம்.
குடையை மடக்கி, முதுகை வளைத்து,
குறுக்கே போகிறவள் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
துலோ, துலோ.
அவன் காலை இழுத்துக்கொண்டு வழி விட்டான்.
துணி விலகிய முட்டியை
அவசரமாக மூடினான்.