அடுப்புப் பக்கச் சுவர்

பொகவந்தலாவை பஸ்ஸில்
இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள் லதுஷிகா,
பொலித்தீன் பையில் அரைக் கோப்பைத் தண்ணீர்,
அதற்குள் ஒரு சிவப்பு.
மீனுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான் கண்டக்டர்.
அவள் சிரிக்கவில்லை.
காசிருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

ஃபைட்டர். தனியாகத்தான் வைக்கணும்,
இன்னொன்றைக் கண்டால் கிழித்துவிடும்
என்றிருந்தார் கடைக்காரர் பௌசான்.
"ஜாம் போத்தல்ல போட்டுக் கொல்லாதீங்க.
இருபது லீட்டராவது வேணும். மூடி வேணும், பாயும்.
ஒளிய ஒரு இடம். இருபத்தைந்துக்குக் குறையாத சூடு."
ஒரு விரல் நீளத்துக்கு இருபது லீட்டரா என்றேன்.
"நமக்கு எத்தன லீட்டர்ப்பா?"
பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, நாலு பேர்.
மனதுக்குள் பெருக்கத் தொடங்கிப்
பாதியில் விட்டுவிட்டேன்.

படத்துக்குச் சட்டம் போடும் கடையில் ஐந்து கண்ணாடி வெட்டி
சிலிக்கனால் ஒட்டினேன்.
மூன்று நாள் வீடெங்கும் வினாகிரி நாற்றம்.
மூலையில் கசிந்தது. கழற்றித் திரும்ப ஒட்டினேன்.
அதுவரைக்கும் மீன் அரிசி களையும் பேசினில்,
நாங்கள் அரிசி களைந்தது சட்டியில்.

பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை.
அது ஒன்றுதான் நமக்கு லாபம்.
விரலை விட்டால் மரத்துப்போகும்,
அதனால் ஒரு நாள் முழுக்க
வாளியில் உள்ளே வைத்துக் குளிரெடுத்தோம்.
கண் உடைத்த சிரட்டை, ஒளிவதற்கு.
ஃபெக்டரியில் கழித்துப்போட்ட சல்லடைத் துண்டு, மூடி.

மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிறவன் நான்.
ஈரக்குமிழும் உலர்குமிழும் பார்த்து
மணிக்கொருதரம் கொப்பியில் எழுதுகிறவன்.
இலை போதுமா என்று பிடித்துப் பார்த்தே சொல்வேன்.
ஜன்னலோரம் வைத்த தொட்டியில்
விடியற்காலை பதினேழு.
மீன் சிரட்டைக்குள் ஒரு நூல் துண்டுபோலக் கிடந்தது.
ஹீட்டர் விலையைப் பௌசானிடம் கேட்டுவிட்டு
மழையைப் பற்றிப் பேசினேன்.

இடத்தைக் கண்டுபிடித்தது அவள்தான்.
கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, "இங்க சுடுது."
அந்தப் பக்கம் ஞானசீலியின் அடுப்பு.
மூன்று மாதமாகப் பேச்சில்லை.
கான் தண்ணீரை எங்கள் வாசலுக்குத் திருப்பியது
அவள் புருஷன் மரியதாஸ்தான் என்பது எங்கள் கட்சி.
மழைதான் என்பது அவர்கள் கட்சி.
தொட்டியைத் தூக்கிச் சுவரோடு வைத்தேன்,
கள்ளக் கரண்ட் இழுக்கிறவனைப் போல, சத்தமில்லாமல்.

இருபத்திரண்டு.
மேலே கம்பளியைப் போர்த்தினால் இருபத்துமூன்று.
ஒன்பது மணிக்கு அவர்கள் அடுப்பு அணையும்,
பிறகு ஒவ்வொரு கோடாக இறங்கும்.
தேயிலைக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில்
மீனுக்கும் எழுதிவைத்தேன்.

நான் இரவு ஷிப்டில் இருந்த ஒரு நாள்
லதுஷிகா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்.
என்ன சொன்னாய் என்று கேட்டேன்.
"எங்க மீன் ஒங்க சுவர்லதான் இருக்குன்னு சொன்னேன்."
அதற்கு அவங்க?
"ஒன்னும் சொல்லல. பிஸ்கட் தந்தாங்க."

அன்று பத்தரைக்கும் அந்தப் பக்கம்
விறகு தள்ளும் சத்தம் கேட்டது.
எதற்கு இந்த நேரத்தில் என்றாள் மனைவி.
நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன்: இருபத்துநாலு.
இன்னும் ஒன்று குறைகிறது.
டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் தன்னையே கண்டு
செவுளை விரித்துக்கொண்டு நின்றது, முழுச் சிவப்பாக,
வந்த நாளிலிருந்து முதல் தடவை.

காலையில் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்,
யாருக்கென்று இல்லாமல்:
"இருக்கா, செத்துருச்சா?"

"இருக்கு" என்றேன், சுவரைப் பார்த்து.

கான் தண்ணீர் இன்னும் எங்கள் வாசலில்தான் ஓடுகிறது.