ம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு,
சாத்தப்பன் கடையில் நான்தான் ஆள்.
பித்தளைப் பூட்டு, எனாமல் தூக்கு,
யார் வீட்டுப் பேரனோ விற்றுப்போன பல்லாங்குழி,
ரசம் உரிந்த கண்ணாடி,
எல்லாவற்றுக்கும் விலை தெரியும்.
சொல்லத்தான்
ம வராது எனக்கு.

உதடு இரண்டும் மழைக்கால பீரோக் கதவாக
ஒட்டி நிற்கும்.
உள்ளே ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருக்கும்.
எதிரே இருப்பவர்
நான் ம் கொட்டுவதாக நினைத்து
மேலே சொல்லத் தொடங்கிவிடுவார்.

தமிழில் இது ஒரு வம்பு.
ஊரே "நீ சொல்லு" என்று வழிவிடுகிற எழுத்தில்
போய் மாட்டிக்கொண்டேன்.

சாத்தப்பனின் பங்காளி வழக்கு,
அப்பச்சியின் பர்மா பாஸ்போர்ட்,
மருமகள் பேசாமல் இருக்கிற பதினோரு மாதம்
எல்லாம் என்னிடம்தான்.
"உங்கிட்டச் சொன்னாத்தான் மனசு ஆறுது" என்பார்.
நான் அப்போது
'மணி ஒன்றாச்சு, சாப்பிடப் போகவா' என்று
கேட்க முயன்றுகொண்டிருந்தேன்.

பெயர் முத்துக்காளை.
முருகனா, முனியாண்டியா என்று கேட்டவர்கள்
அவர்களாகவே ஒன்றை வைத்துக்கொண்டு போனார்கள்.
ரேஷன் கடையில் இன்னும் நான் முனியசாமி.

பேச்சில் இடைவெளி என்பது
பள்ளத்தூர் பஸ்ஸில் காலி சீட்டு.
நான் படியில் கால் வைப்பதற்குள்
ஜன்னல் வழியே துண்டு விழுந்துவிடும்.

வியாபாரத்தில் மட்டும் கணக்கு வேறு.
போன மாசியில் ஒரு சென்னைக்காரர்
தேக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து விலை கேட்டார்.
மூவாயிரம். மூவில் நின்றேன்.
"நாலாயிரமா?"
ம்ம்ம்.
"சரிங்க, ரொம்ப யோசிக்காதீங்க. நாலரை."
அந்த மாசமே சம்பளத்தில் ஐநூறு ஏறியது.
"வாயைத் திறந்துறாதடா" என்றார் சாத்தப்பன்.

நேற்று புதுவயலிலிருந்து ஒருத்தி வந்தாள்,
கையில் ஹெல்மெட்.
எனாமல் தூக்கை வெயிலில் கவிழ்த்து
ஓட்டை பார்த்துவிட்டு
"என்ன விலை?"
முந்நூறு. நின்றேன்.

அவள் ஊகிக்கவில்லை.
தலையாட்டி உதவவில்லை.
தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து, திரும்பி,
போயே விட்டது.
கடிகாரங்கள் ஒன்றையொன்று கேட்காமல்
ஆளுக்கொரு மணி அடித்தன.
ஹெல்மெட்டை மேஜையில் வைத்தாள்.

"ம்ம்மு... முந்நூறு."

"இருநூத்தம்பது. கைப்பிடி ஆடுது."
"ஆடாதுங்க."
"ஆடுது."
"தூக்குன்னா கைப்பிடி ஆடத்தானே செய்யும்?"
"அப்ப இருநூத்தெழுபது."

கொடுத்தேன்.
நோட்டில் முப்பது ரூபாய் நஷ்டம் எழுதி
ஏன்டா என்றார் சாத்தப்பன்.
'மனுஷி ஒருத்தி காத்திருந்தா' என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ம்ம்ம்.
அவர் பங்காளி வழக்கை எடுத்துவிட்டார்.