துத்தநாகம் போன இடம்

போத்தி துறைமுகத்தில் மூன்று நாளாக மழை.
‘நாசிப்ரோலா’வை இன்னொரு படகு
கயிறு கட்டி இழுத்து வந்தது.
அவ்தாந்தில் என் மேஜையில் ஒரு கந்தல் துணியை விரித்தான்.
உள்ளே கடல்நீர்க் குழாயின் கழுத்து,
இரண்டு துண்டாக.

“உடையலை” என்றான்.
“பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு.
என்ஜின் அறையில் என் தம்பிக்கு
நெஞ்சு வரைக்கும் கடல்.”

முதலில் காந்தம்.
ஒட்டவில்லை. முலாம் பூசிய இரும்பு இல்லை.
அப்புறம் ஸ்பேனரால் ஒரு தட்டு.
வெண்கலக் குரல் என்கிறோமே,
அது இதற்குள் குடியிருந்ததே இல்லை.
நனைந்த பலகைபோல் தொப் என்றது.

அரத்தை எடுத்து ஓரத்தில் இரண்டு இழுப்பு.
மஞ்சள் தெரிய வேண்டிய இடத்தில்
இளஞ்சிவப்பு.
பித்தளை பல்லிளிக்கும் என்பார்கள்;
இது ஈறு காட்டிச் சிரித்தது.

கடலுக்குத் துத்தநாகம் என்றால் ஆசை.
செம்பை விட்டுவிட்டு
அதை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும்,
அவசரமில்லாமல், வருடக்கணக்கில்.
வடிவம் அப்படியே நிற்கும்.
மரையின் ஒவ்வொரு சுற்றும் அப்படியே நிற்கும்.
உள்ளே பஞ்சு.

“பித்தளை” என்றேன்.
“பில்லில் வெண்கலம்னு இருக்கே” என்றான்.

அடிமுகத்து உப்பைக் கட்டைவிரலால் துடைத்தேன்.
வட்டத்துக்குள் ஒரு புள்ளி.
இந்தத் துறைமுகத்தில் அந்தக் குறியை
வைத்திருப்பவள் ஒருத்திதான்.

ஆறு வருடம் முன்பு, வெள்ளிக்கிழமை,
விளக்கு போட்ட பிறகு.
ஒதார் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து கொண்டுவந்த உருளை,
நுனியில் சிவப்புப் பெயின்ட்.
“கப்பல் வெண்கலம்” என்று
அம்மாமேல் சத்தியம் செய்தான்.

முதல் வெட்டிலேயே
சோளப்பொரிபோல் தெறித்தது.
வெண்கலம் அப்படித் தெறிக்காது.
முனகும், சூடேறும்,
டூலோடு மல்லுக்கு நிற்கும்,
சுருண்டு சுருண்டு விழும்.
இதுவோ ஊசி ஊசியாக;
ஒன்று சட்டைக் காலருக்குள் இறங்கி
வீடு வரை வந்தது.

அதுகூடப் பரவாயில்லை.
துளை போடும் முன்பு
ட்ரில்லின் வெட்டு விளிம்பைக் கல்லில் தேய்த்து
வேண்டுமென்றே மழுக்கினேன்.
கூரான ட்ரில்லைப் பித்தளை கவ்வி இழுத்துவிடும்.
பித்தளைக்கு மட்டும்தான் நான் அப்படிச் செய்வேன்.

ஆக, கைக்குத் தெரிந்திருக்கிறது.
அதே கை பேனாவை எடுத்து
வெண்கலம் என்று எழுதியிருக்கிறது.

“ஒதார் உன்னை ஏமாத்திட்டானா?”
அவ்தாந்தில் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.
கூரைத் தகரத்தில் மழை.
“ஒதார் ஏமாந்திருப்பான்” என்றேன்.
“நான் ஏமாறலை.”

அவன் உட்கார்ந்தான். சிகரெட் நனைந்திருந்தது.

அலமாரிக்கு அடியிலிருந்து வேறு உருளை எடுத்தேன்.
ஒரு சீவலைத் தேநீர்க் கிளாசில் போட்டு
நைட்ரிக் அமிலம் விட்டேன், ஜன்னலைத் திறந்து வைத்து.
பித்தளை என்றால் தெளிந்த நீலமாக நின்றுவிடும்.
இதன் அடியில் வெள்ளையாக, மாவுபோல்,
கரைய மறுத்த வெள்ளீயம்.
கிளாசை அவன் பக்கம் தள்ளினேன்.
நான் சொல்லி அவன் நம்ப வேண்டிய நிலையில்
நான் இல்லை.

டூலைத் தீட்டி, வேகத்தைக் குறைத்து, ஓட்டினேன்.
முனகியது. புகைந்தது.
செந்நிறச் சுருள் என் செருப்புக்கு மேல் குவிந்தது.
நடுவில் ஒரு முறை டூலை மாற்றினேன்.
யாரும் பேசவில்லை.

காசு எடுத்தான்; தலையசைத்தேன்.
உள்ளே வைத்துக்கொண்டான், நன்றி சொல்லவில்லை.
புதிய கழுத்தை ஒரு கம்பியில் தொங்கவிட்டு
ஸ்பேனரால் தட்டினான்.
ஓசை எழுந்து, பட்டறையைச் சுற்றி வந்து,
அடங்க நேரமெடுத்தது.

மறுபடி தட்டினான்.

வாசலில் நின்று இன்னொரு தரம்.
மழைக்குள் போன பிறகும்,
படகுத்துறை முனையிலிருந்து
இன்னொரு தரம்.